மேகம் விழுந்த படிகம்

பெய்லான் தன் பிடிவாதத்தால் ஒரு நல்ல படிகத்தைப் பாழாக்கினாள் என்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்து உணவுக்கூடத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த உலை அறைக்குள் காலெடுத்து வைத்ததுகூட இல்லை. அவள் வளர்க்கச் சொன்ன ஒவ்வொரு படிகத்தையும் அறுத்து மெருகேற்றியவள் நான். அதனால் நான் சொல்கிறேன், கேளுங்கள். அதற்குப் பிறகும் பேசுவதென்றால் பேசிக்கொள்ளட்டும்.

என் பெயர் ருவான். ஃபூஜோ நகரத்தில் மலைக்குப் போகிற சாலையோரம் இருக்கிறது எங்கள் நிலையம். பெய்லான் அங்கே படிகங்களை வடிவமைக்கிறவள். உலகத்தில் இல்லாத கல்லை முதலில் காகிதத்தில் கட்டுவாள். எந்த அணு எங்கே உட்கார வேண்டும், யார் கையை யார் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வரைந்து, கணக்குப் போட்டுப் பார்த்து, தேறும் என்று தோன்றினால்தான் உலைக்கு அனுப்புவாள். லேசரின் பச்சை ஒளியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியாக வெளியே வர வேண்டும். அப்படிப்பட்ட கல் வேண்டும் என்பதுதான் அவள் வேலை. பெரும்பாலான கற்கள் அந்த ஒளியை விழுங்கிவிடும், ஒரு சொட்டுகூட வெளியே விடாது.

இதை எனக்கு அவள் தர்பூசணி விதைகளை வைத்துத்தான் விளக்கினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையில் வறுத்த விதைகளை வரிசையாக அடுக்குவாள். எல்லாவற்றின் கூர்முனையும் ஒரே பக்கம் பார்க்கும்.

"பாருங்கக்கா, இது போரானும் ஆக்சிஜனும் சேந்த முக்கோணம். எல்லாம் ஒரே திசையைப் பாத்தாதான் ஒளி மாறும். அதுல ஆக்சிஜனோட ஒரு கை சும்மா தொங்கிச்சுன்னு வைங்க, போற ஒளியப் பிடிச்சு முழுங்கிரும். அந்தக் கையக் கெட்டியாப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கிற அவள் புருஷன் ஹைஷெங் மெதுவாகக் கையை நீட்டி ஒரு விதையை மட்டும் திருப்பி வைப்பான்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணு செத்துது. பாதியத் திருப்பினா மொத்தமும் செத்துது. யோவ் மீன்காரரே, கைய எடும்!"

அவன் அந்த விதையை வாயில் போட்டுக் கொறித்துவிட்டு, "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, உப்பு கொஞ்சம் கம்மி" என்பான்.

ஓவ் ஹைஷெங் லியென்ஜியாங் கடற்கரைப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்களும் படகில் போகிறவர்கள். இவனுக்குப் படகு ஏறினால் வாந்தி, அதனால் படிக்க அனுப்பினார்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். எங்கள் உலை அறை அவன் பொறுப்பு. அவன் குரல் இருக்கிறதே, மூன்று மாடி கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப் படிகளில் பெய்லானின் பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு பாடியபடியே ஏறுவான். நாங்கள் நடுவழியில் மூச்சு வாங்கி நிற்போம். மேலேயிருந்து அவன் பாட்டு மட்டும் வரும்.

ஆக்சிஜனின் கையைக் கெட்டியாகப் பிடிக்க பெய்லான் தேர்ந்தெடுத்த ஆள் பெரிலியம். சின்ன உடம்பு, இரும்புப் பிடி. படிப்படியாக அடுக்கிப் பார்த்து, முக்கோணங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிய ஒரு வடிவத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அந்த உலோகத்தின் தூளும் ஆவியும் நெஞ்சுக்கு நஞ்சு. அதனால் உலைக்கு மேலே காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற பெரிய விசிறி ஒன்று வைத்தார்கள். பெய்லான் தன் கையாலேயே ஒரு பலகை எழுதிக் கதவில் மாட்டினாள்: "விசிறி ஓடாமல் உலை எரியக் கூடாது." அவள் கையெழுத்து அழகாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

படிகம் வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடத் தொல்லை. பிளாட்டினப் பானையில் எல்லாம் உருகிக் கிடக்கும். பிளாட்டினக் கம்பியில் ஒரு விதைப் படிகத்தைக் கட்டி மேலேயிருந்து தொடும்படி இறக்கி, சூட்டை நத்தை நகர்கிற மாதிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் சூடு ஒரு துளி ஆடினாலும் உருகின சாறு படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். உள்ளே வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி தெரியும். நாங்கள் அதை மேகம் விழுந்துவிட்டது என்போம். அதனால் உலைக்காரர்களுக்குக் காற்று என்றாலே ஜன்ம விரோதி. ஜன்னல் இடுக்கில் துணி அடைப்பார்கள், கதவை யாராவது சட்டென்று திறந்தால் அப்பன் பாட்டனை இழுத்துத் திட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களின் தலைக்கு மேலே ஒரு விசிறியை ஓடவிட்டால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதல் படிகம் மேகம். இரண்டாவதும் மேகம். ஒவ்வொரு தடவையும் பெய்லான் என் அறைக்கு வந்து படிகத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். போய்த் தன் மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். ஹைஷெங் வாளியில் மீன் உருண்டை வாங்கிவந்து வைத்தாலும் தொட மாட்டாள். அவன் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது தெளிவாக வந்தது. அடடா, என்ன படிகம் அது! ரம்பத்தில் வைத்து அறுக்கும்போது தண்ணீரை அறுக்கிற மாதிரிதான் இருந்தது. மெருகேற்றி முடித்ததும் ஹைஷெங் ஆசையாகத் தொட வந்தான். நான் அவன் கையில் ஒன்று போட்டேன்.

"கைய எடு! மெருகு போட்ட முகத்துல விரல் பட்டா ரேகை அப்படியே பதிஞ்சுரும். அதுவும் உன் மீன் நாத்தம் பிடிச்ச கை."

"பெத்தவன் நான், தொடக்கூடாதா அக்கா?"

"பெத்தவன் தூர நின்னு பாரு."

பச்சை ஒளியை உள்ளே விட்டோம். மறுபக்கம் வெறுமையாகத்தான் தெரிந்தது. பெய்லான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அங்கே நீட்டினாள். தாளில் நீலமாக ஒரு புள்ளி எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி அங்கே இருக்கிறது என்று தாள் காட்டிக் கொடுத்தது. பெய்லான் அழுதுவிட்டாள். அன்றைக்கு ஹைஷெங் ஒரு பெரிய பானையில் சமாதான சூப் கொண்டுவந்தான். எங்கள் ஊரில் கல்யாணம், பயணம், பிறந்தநாள் எதற்கும் அந்த சூப் இல்லாமல் நடக்காது. அதில் போடுகிற வாத்து முட்டையின் பெயர் எங்கள் பேச்சில் "அலை அடங்கு" என்பதுபோல் ஒலிக்கும். கடல்காரர்கள் வீட்டில் அதைச் சாப்பிடாமல் யாரும் படகு ஏற மாட்டார்கள்.

"எப்படிய்யா இவ்ளோ தெளிவா வந்துச்சு?" என்று பெய்லான் கேட்டாள்.

"உலைக்கு ஒரு வாத்து முட்டை ஊட்டினேன். அலை அடங்கிருச்சு."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் தெளிவு. பெய்லானின் பெயர் வெளியூர், வெளிநாடு எல்லாம் போயிற்று. வருஷங்கள் நல்லபடியாக ஓடின. அப்புறம் ஒரு வசந்தத்தில், சுவரெல்லாம் வியர்த்து வழிகிற அந்த ஈரக் காலத்தில், ஹைஷெங்குக்கு இருமல் வந்தது. ஊரில் எல்லாருக்கும்தான் இருமல் வந்தது. எங்கள் இருமல் போயிற்று, அவன் இருமல் போகவில்லை. மலைப் படியில் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு நீங்க பாடுங்க" என்றான். காச நோய் என்று மருந்து கொடுத்தார்கள். மூட்டை மூட்டையாகத் தின்றும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஷாங்ஹாயில் ஒரு வயதான டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தெரிந்துவிட்டது. நுரையீரல் முழுக்க முடிச்சு முடிச்சாகப் பெரிலியம் செய்த வேலை. குணமாகாது, மெதுவாக்கலாம் என்றார்.

"ஃபேன்தான் ஓடிச்சே? அப்புறம் எப்படி?" என்று பெய்லான் ரயிலில் திரும்பத் திரும்பக் கேட்டாளாம்.

"தூள் அரைக்கும்போது முகமூடி நழுவியிருக்கும். எனக்கு மூக்கு பெருசு இல்லையா" என்றானாம் இவன்.

அவள் அதை நம்பினாள். நம்பியும் அவளுக்கு நிம்மதியில்லை. என் அறையில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்த உலோகத்த அங்க வரைஞ்சது என் கைதானே" என்றாள். பைத்தியம் மாதிரி பேசாதே என்று கத்தினேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. அதே ஒளியைத் தருகிற படிகம், ஆனால் பெரிலியம் இல்லாமல். அதுவும் ஹைஷெங் கண்ணால் பார்க்கிறபடி, அவன் மூச்சு இருக்கும்போதே. துறைத் தலைவர் பாங் வந்து, "நல்லா ஓடற படிகம் ஒண்ணு கையில இருக்கு, எதுக்கும்மா இந்த வேலை?" என்றார். "அடுத்த உலைக்காரனுக்கும் பொண்டாட்டி இருப்பா" என்றாள் இவள். அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மக்னீசியம் வைத்துப் பார்த்தாள். அதன் பிடி தளர்வு, வடிவமே கூடவில்லை. அலுமினியம் வைத்தாள். காகிதத்தில் அத்தனை அழகாக இருந்தது. உலையிலிருந்து வந்ததும் அழகுதான். புதுப் படிகத்தை வளர்ப்பதற்கு முன் தூளாக்கி, கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அப்பாற்பட்ட லேசரால் தட்டிப் பார்ப்போம். தேறுகிற சரக்கென்றால் தூளில் பச்சையாக ஒரு மின்னல் வெட்டும். இதில் ஒன்றும் வெட்டவில்லை. பார்த்தால், ஒரு அடுக்கு இந்தப் பக்கம் திரும்ப, அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் திரும்பி, ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு கிடந்த ஹைஷெங்கிடம் போய்ச் சொன்னோம்.

"நான் இங்கேருந்தே திருப்பி வச்சுட்டேன் போல" என்றான். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது, காற்று இல்லை. பெய்லான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

அவள் விடவில்லை. தொங்குகிற கையைப் பிடிக்க வெளியாள் எதற்கு, போரானோடேயே ஃப்ளோரினைக் கட்டிவிட்டால் என்ன என்று தொடங்கினாள். தலைமுடி நரைத்தது, உடம்பு பாதியாயிற்று. காலையில் ஹைஷெங்குக்கு அரிசிக் கூழ் ஊட்டிவிட்டு வருவாள், மதியம் ஓடுவாள், திரும்ப வருவாள். ஒரு நாள் தூளைத் தட்டினோம். வெட்டியது! குட்டியாக, ஆனால் சுத்தமான பச்சை. பெய்லான் மேல் அங்கியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவர் முகமும் நனைந்திருந்தது.

"சீக்கிரம் பெருசா வளத்துக் கொண்டா" என்றான். "நான் இங்கதான் இருக்கேன்."

ஆனால் எவ்வளவு நாள் இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. அவளே உலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். படிகம் வந்தது. மேகம். உள்ளே முழுக்கப் பால் கலந்த மாதிரி. வெட்கத்தோடு அவனிடம் காட்டப் போனாள், நானும் கூடப் போனேன். அவன் தலையணையில் சாய்ந்தபடி அதை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். தொழில்காரன் பார்வை அது, நோய் அதைத் தொடவில்லை.

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? இதுல பெரிலியம்தான் இல்லையே. ஃபேன நிறுத்திரு. காத்து ஆடறதுதான் காரணம். நிறுத்தினா கண்ணாடியா வரும் பாரு."

கிண்ணத்தில் மல்லிகைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெய்லான் கையை நிறுத்தினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஆக்சிஜன் புட்டியில் தண்ணீர் குமிழி விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"ஹைஷெங். ஃபேன நிறுத்தினா தெளிவா வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அனுபவம்தான்."

"மூணாவது படிகம். வாத்து முட்டைன்னு சொன்ன."

அவன் பார்வையை என் பக்கம் திருப்பினான், என்னவோ நான் காப்பாற்றுவேன் என்கிற மாதிரி. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் கையால பலகை எழுதி மாட்டினேனே!" என்று கத்தினாள் பெய்லான். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "படிக்கத் தெரியாதா உனக்கு? படிக்கத் தெரியாதா?"

"நீ சாப்பிடாம உக்காந்திருந்தே" என்றான் அவன். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்துக்கொண்டு. "கடைசி ஒரு வாரம் மட்டும்னுதான் நினைச்சேன். தெளிவா வந்துச்சு. நீ சிரிச்ச. அப்புறம் எப்படி ஓடவிடறது? மறுபடி மேகம் விழும். நீ மறுபடி உக்காந்துருவே."

பெய்லான் தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். இத்தனை வருஷமாக எங்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டே இந்தப் பாவி அந்தக் காற்றைக் குடித்திருக்கிறான். அவனை ஓங்கி அறைய வேண்டும் என்று இருந்தது. அழுகைதான் வந்தது.

அடுத்த படிகம் உலையில் ஏறியது. விசிறியை நிறுத்தச் சொல்லி எல்லாரும் வந்தார்கள். பாங் வந்தார். "கொஞ்சம் ஃப்ளோரின் ஆவி வரும், தொண்டை கரிக்கும், அவ்வளவுதான். முகமூடி போட்டுக்கலாம். ஒரு வாரம் நிறுத்தினா ஒண்ணும் ஆகாது. உங்க பேருக்குக் கடைசியா ஒரு நல்ல படிகம் வேணாமா?" என்றார். நானே சொன்னேன்: "ஏண்டி, அவனே நிறுத்தச் சொல்றான். அவன் பாத்துட்டுப் போகட்டுமே."

"ஒரு வாரம்தான்னு அவனும் நினைச்சான்" என்றாள். பலகையை ஈரத் துணியால் துடைத்து, மறுபடி நேராக மாட்டினாள். அவ்வளவுதான் பதில். அதற்குப் பிறகு உலை ஆறுகிற வரைக்கும் அந்த அறையைத் தாண்டுகிறபோதெல்லாம் விசிறி இரைகிற சத்தம் கேட்டது.

வந்தது மேகம்தான், வேறென்ன வரும். ஆனால் ஒரு மூலையில் மட்டும் விரல் நகம் அளவுக்குத் தெளிவாக இருந்தது. அந்த மூலையை விட்டுவிடாமல், மேகத்தோடு சேர்த்தே அறுத்து, இரண்டு பக்கமும் மெருகேற்றினேன். இத்தனை வருஷத்தில் அத்தனை பயந்து நான் வேலை செய்ததில்லை. தெளிந்த மூலை வழியாகப் பச்சை ஒளியை விட்டோம். பெய்லான் வெள்ளைத் தாளை நீட்டினாள். நீலப் புள்ளி எரிந்தது. பெரிலியம் இல்லாமல் எரிந்தது.

வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். ஹைஷெங்குக்கு அன்றைக்கு உட்கார முடியவில்லை. அவள் அந்தக் கல்லை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் இரண்டு விரலால் எடுத்து, மெருகு போட்ட முகத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கினான். என் கை பழக்கத்தில் அவன் கையைத் தட்டப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"மேகம் இருக்கு" என்றான்.

"ஆமா."

"ஃபேன் ஓடிச்சா?"

"ஓடிச்சு. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் ஓடிச்சு."

அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தெளிந்த மூலையை விட்டுவிட்டு மேகத்தைத்தான் பார்த்தான்.

"அப்ப சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டேன்" என்றாள் அவள்.

முன்னோர் கல்லறைகளைக் கூட்டிக் கும்பிடுகிற வசந்த நாள் வருவதற்கு முன்னால் அவன் போய்விட்டான். லியென்ஜியாங்கிலிருந்து அண்ணன்கள் வந்து கடலைப் பார்த்த ஒரு சரிவில் அடக்கம் செய்தார்கள். பின்னால், மூடியிட்ட புது உலை வந்ததும், வேறொரு குழு அதே படிகத்தை விசிறி ஓட ஓடவே தெளிவாக வளர்த்தது. அந்த வடிவம் பெய்லானுடையது. அதைப் பற்றி உணவுக்கூடத்தில் யாரும் பேசுவதில்லை.

சாவு காரியமெல்லாம் முடிந்த பிறகு பாங், பெரிலியம் இல்லாமல் எரிந்த அந்த முதல் கல்லை அளவெடுக்கக் கேட்டார். பெய்லான் பட்டுத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். முகத்தின் நடுவில் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, அப்படியே இருந்தது. "துடைச்சுக் குடுங்க, ருவான்" என்றார் பாங். அறுத்ததில் மிச்சமான துண்டில் ஒட்டியிருந்த ஒரு சின்னத் தெளிந்த ஓரத்தை அறுத்து மெருகேற்றி அவருக்குக் கொடுத்தேன். ரேகை பதிந்த கல்லை மறுபடி அதே பட்டில் சுற்றி அவள் கையில் வைத்தேன். நான் துடைக்கவில்லை.